தன் கையே தனக்குதவியா?

‘தன் கையே தனக்குதவி’ என்பது நம் பழமொழி. அது பிறந்த காலத்தில் நல்ல பொருளிலேதான் பிறந்திருக்க வேண்டும். பிறர் தயவை நாடி நின்றவனின் முதுகிலே தட்டி, ‘எழுந்து நில்’ என்று சொன்ன சொல் அது. ஆனால் பழமொழிகளுக்கும் வர்க்கம் உண்டு. ஏழை தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது ஒரு பொருளும், ஏழையைப் பார்த்து வசதியுள்ளவன் சொல்லும்போது வேறொரு பொருளும் அவற்றுக்கு ஏற்பட்டு விடுகின்றன.

அண்மைக் காலத்தில் இப்பழமொழி புதுச் சட்டை மாட்டிக்கொண்டு நம் மத்தியில் உலாவுகின்றது. ‘உங்கள் வீட்டை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், அரசாங்கத்தை எதிர்பார்த்துக்கொண்டிராதீர்கள்’ என்ற உபதேசம் கருத்தரங்குகளிலே கேட்கின்றது, கடன் கொடுக்கும் நிறுவனங்களின் விளம்பரங்களிலே சிரிக்கின்றது, தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளிலே ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் பெயரிலே அச்சேறுகின்றது. தன் வீட்டுச் சுவரைத் தானே பூசிக்கொண்டவன் முன்மாதிரிக் குடிமகன். வீட்டுக் கூரைக்காகப் பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுத்தவன் சோம்பேறி. இதுவே இன்றைய அறநூல்.

இந்த உபதேசத்தைச் செய்வோர் யார் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அவர்களிற் பெரும்பாலோர் தம் வீட்டுக் குழாயின் திருகாணியையும் ஆள் பிடித்தே முறுக்குபவர்கள். சாந்தகப்பையைப் பிடிக்கத் தெரியாதது மட்டுமன்று, தெரியாதிருப்பதே கௌரவம் என்று கருதுபவர்கள். மகன் மேசன் வேலை பழகப் போகிறேன் என்றால் வீட்டில் இழவு விழுந்ததுபோல் கலங்குபவர்கள். இவர்கள்தான் கணவனைப் போரிலே பறிகொடுத்து மூன்று பிள்ளைகளுடன் வன்னி மண்ணிலே தறப்பாளின் கீழ் இருந்த பெண்ணைப் பார்த்து, ‘தன் கையே தனக்குதவி, தங்கச்சி’ என்று சொன்னார்கள். உழைப்பைத் தமக்கு இழிவென்றும் பிறருக்கு அறமென்றும் ஒரே வாயாற் சொல்லும் இந்த இரட்டை நாக்கைத்தான் இக்கட்டுரை எதிர்க்கின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுவோம். நாம் கைவேலைக்குப் பகைவர் அல்லர். மனிதனை மனிதனாக்கியது உழைப்பு என்று நம்புகிறவர்கள் சாந்து குழைக்கும் கையை எப்படி வெறுப்பது? ஒழுகும் கூரையிலே ஏறி உடைந்த ஓட்டை மாற்றிவிட்டு இறங்குகிறவனின் முகத்திலே ஒரு நிறைவு தெரியும். அந்த நிறைவு உண்மையானது. ஆனால் ஓட்டை மாற்றுவதற்கு முன்னர், கூரை யாருடையது, ஓடு யாருடைய பணத்தில் வந்தது, ஏறுவதற்கு அவனுக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது, ஏறத் தெரிந்தது எப்படி என்ற நான்கு கேள்விகள் உண்டு. காணி, பொருள், நேரம், அறிவு ஆகிய இந்நான்கும் உள்ளவன் தன் வீட்டைத் தானே திருத்தினால் அது சுதந்திரம். இந்நான்கும் இல்லாதவனைப் பார்த்து ‘நீயே திருத்திக்கொள்’ என்று சொன்னால் அதற்குப் பெயர் கைகழுவுதல்.

‘அந்தக் காலத்தில் நம் மக்கள் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளவில்லையா? வேலியைத் தாமே அடைக்கவில்லையா?’ என்று பழம்பெருமைக்காரர் கேட்பர். அடைத்தார்கள். யாழ்ப்பாணத்திலே ஆண்டுதோறும் கதியால் நட்டு, கிடுகு கட்டி வேலி அடைத்தார்கள். மாரிக்கு முன் பனையோலையால் வீடு வேய்ந்தார்கள். பூவரசும் கிளுவையும் முள்முருங்கையும் வளவைச் சுற்றி உயிர்வேலியாக நின்றன. ஒரு வீட்டு வேய்ச்சலுக்கு அயல் முழுவதும் கூடியதும், வேலை முடிந்தபின் கஞ்சியோ கூழோ சுற்றி இருந்து குடித்ததும் பொய்யல்ல.

ஆனால் கூரையின் மேல் ஏறியது யார், கீழே நின்று கையை நீட்டி ‘அங்கே ஓலை குறைகிறது’ என்று காட்டியது யார் என்ற கேள்வியை இந்தப் பழம்பெருமைக்காரர் ஒருபோதும் கேட்பதில்லை. பனையில் ஏறி ஓலை வெட்டியவனும், அதை மிதித்துப் பதப்படுத்தியவனும், முகட்டிலே வெயிலில் காய்ந்தவனும் ஒடுக்கப்பட்ட சாதியினன். அவன் வேய்ந்து கொடுத்த வீட்டின் விறாந்தையிலே அவனுக்கு இருக்க இடமில்லை. பிறர் வீட்டைக் காலமெல்லாம் திருத்திக் கொடுத்தவன் தன் குடிசையைத் திருத்த எண்ணியபோது நடந்தது என்ன? குடியிருந்த காணி நிலவுடைமையாளனுடையது. அங்கே கிணறு வெட்டினால் குற்றம்; கல்வீடு எழுப்பினால் ‘இவனுக்கு வந்த திமிரைப் பார்’ என்ற கறுவல். கல்வீடு என்பது நிலையாக வேரூன்றுவது. வேரூன்றியவனை நினைத்த மாத்திரத்தில் எழுப்ப முடியாது. எனவே அவன் என்றும் ஓலைக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. ஓலை வீட்டைக் கொளுத்துவதற்கு ஒரு தீக்குச்சி போதும் என்பதையும் எதிர்த்துக் கேட்ட கிராமங்கள் அனுபவத்திற் கண்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது ஏன் என்று சிந்திப்போர்க்கு இது விளங்கும்.

அந்தப் பழைய வீட்டுக்குள்ளேயும் சென்று பார்ப்போம். மண் தரையைச் சாணியால் மெழுகியது யார்? வெள்ளியும் செவ்வாயும் முற்றம் கூட்டி, திண்ணை பூசி, அடுப்புக்கு மண் குழைத்து, சுவரின் வெடிப்பை விரலால் அடைத்தவர்கள் பெண்கள். வீட்டைத் தன் கையாற் பேணும் வேலை அன்றுதொட்டு இன்றுவரை ஒரு நாளும் நின்றதில்லை; அதற்கு ஒரு நாட்கூலியும் எழுதப்பட்டதில்லை. ‘தானே செய்தல்’ என்று நாம் பெருமையோடு பேசும் மரபின் பெரும்பகுதி, பிறர் செய்ததும் கூலியின்றிச் செய்ததுமே ஆகும்.

இனி அந்த நான்கு கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது காணி. இதற்கு மலையகத்தைவிடத் தெளிவான சான்று இந்நாட்டில் இல்லை. கோப்பிக் காலத்திலே வரிசையாகக் கட்டப்பட்ட லயங்கள், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்ட பின்னரும் அப்படியே தொடர்ந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை. முன்னே ஒரு சிறு விறாந்தை. அடுத்த குடும்பத்தின் இருமலைக் கேட்கும் சுவர். 1948இற் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கொடிகள் மாறின, துரைமார் மாறினர், லயம் மாறவில்லை. அதிற் பிறந்து, அதிலே மணந்து, அதிலே மூப்படைந்த தொழிலாளிக்கு அச்சுவரிலே ஓர் ஆணி அடிக்கவும் உரிமை இல்லை. மகனுக்குக் கலியாணம் ஆயிற்று என்று பின்புறத்தில் நாலு தகரத்தால் ஒரு குசினி இறக்குவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி எழுப்பிய குடில்கள் பிடுங்கி எறியப்பட்ட கதை மலைநாட்டிலே புதிதன்று. 2023 ஆகஸ்டில் மாத்தளை மாவட்டத் தோட்டம் ஒன்றிலே ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிக வீட்டைத் தோட்ட அதிகாரி உடைத்த காட்சி நாடு முழுவதும் பரவிய பின்னரே கொழும்புக்குக் கண் திறந்தது.

அந்தக் குடும்பம் செய்த பிழை என்ன? தன் வீட்டைத் தானே கட்டியது! எந்த உபதேசத்தை நாடெங்கும் முழக்கினார்களோ, அந்த உபதேசத்தின்படி நடந்ததுதான் குற்றம். அரசாங்கம் கட்டித் தருவதும் இல்லை. தானே கட்டினால் நிற்க விடுவதும் இல்லை. 2018இற் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டத்துக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கே சட்டம் குறுக்கே நின்றது. வரி கட்டும்போது குடிமக்கள். வடிகான் கேட்கும்போது தோட்டத்து ஆட்கள்!

மலைச்சரிவிலே நிற்கும் லயத்தை எந்தக் கையாலே திருத்துவது? 2014 ஒக்டோபர் 29 காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயகரமானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, போயிருக்கக் காணி வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் மலையகத்து மண் மீண்டும் சரிந்தது. மலையைத் தாங்கும் மதிலை ஒரு குடும்பம் தன் மண்வெட்டியைக் கொண்டு கட்டிவிட முடியாது. அது சமுதாயத்தின் வேலை, அரசின் கடமை.

இரண்டாவது பொருள். இங்கேதான் ‘சுயவுதவி வீடமைப்பு’ என்னும் தத்துவத்தின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஜோன் டேர்ணர் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர் 1957 முதல் பெரு நாட்டிலே பணியாற்றியபோது, ஏழைகள் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்புகளைக் கண்டு வியந்தார். அரசாங்கம் கட்டித் தந்த மாடிகளைவிட இவை அவர்களுடைய வாழ்வுக்குப் பொருந்தியிருந்தன என்று எழுதினார். அவர் கூற்றிலே உண்மை உண்டு. ஆனால் மக்கள் தம் கையாலேயே கல் சுமக்க வேண்டும் என்பதன்று அவர் வாதம். தம் வீட்டைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் மக்களிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1970களில் இக்கருத்தை உலக வங்கி எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டபோது அதிகாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கல்லை மட்டும் கையிலெடுத்தது.

நம் நாட்டிலும் அதுவே நடந்தது. 1978இல் ஆரம்பித்த இலட்சம் வீடுகள் திட்டத்தில் அரசு நேரடியாகக் கட்டிய வீடுகளும், மக்களின் உழைப்பைச் சேர்த்துக் கட்டிய வீடுகளும் இருந்தன. 1984இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் வந்தபோது அரசு கட்டுவதிலிருந்து பெரிதும் ஒதுங்கிச் சிறு கடன் கொடுப்பதாக மாறிற்று. கடனைப் பெறுவதும், பொருள் வாங்குவதும், ஆள் பிடிப்பதும், கட்டுவதும் குடும்பத்தின் பொறுப்பு. உலகம் இதைப் பாராட்டியது. ஐக்கிய நாடுகள் சபை 1987ஆம் ஆண்டை வீடற்றோர்க்கான சர்வதேச ஆண்டாகக் கொண்டாடியபோது இலங்கை முன்மாதிரியாக எடுத்துக் காட்டப்பட்டது. அக்கடனால் ஒரு கூரையைக் கண்டவர்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் மக்களுக்கான செலவைக் குறைத்த அதே காலத்தில், வீடமைப்பும் குடும்பத்தின் தலையில் இறக்கப்பட்டது தற்செயலான காரியமா?

எங்கெல்ஸ் இவ்விடயத்தை 1872இலேயே ஆராய்ந்தார். வீட்டுப் பிரச்சினை பற்றிய தம் நூலிலும், 1887இல் அதன் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையிலும் அவர் காட்டிய உண்மை கசப்பானது. ஜெர்மனியிலே சிறு வீடும் தோட்டமும் சொந்தமாக உள்ள குடிசைத் தொழிலாளி தன் உணவின் ஒரு பகுதியைத் தானே விளைவித்துக்கொள்கிறான். அந்த அளவுக்கு முதலாளி அவனுடைய கூலியைக் குறைத்துக்கொள்கிறான். தொழிலாளி ஓய்வு நேரத்திலே தனக்காகச் செய்த உழைப்பு முதலாளியின் பணப்பெட்டிக்குள் போய் விழுகின்றது. இதை நம் நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். தொழிலாளியின் கூலி, அவன் உண்ணவும் உடுக்கவும் குடியிருக்கவும் போதுமானதாக இருக்க வேண்டும். குடியிருப்புக்கான பங்கைக் கூலியிலும் சேர்க்காமல், அரசின் வரவு செலவிலும் சேர்க்காமல், ஞாயிற்றுக்கிழமை அவன் சிந்தும் வியர்வையிலிருந்தே எடுத்துக்கொள்வதற்குத்தான் ‘சுயவுதவி’ என்ற அழகிய பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் வந்த வீட்டுத்திட்டங்கள் இப்பாடத்தை நமக்கு மீண்டும் நடத்தின. இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டம் 2010இல் அறிவிக்கப்பட்டது. 2012 ஒக்டோபரிலிருந்து வடகிழக்கிலே ‘பயனாளியே கட்டுதல்’ என்ற முறையில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. பணம் ஒரே முறையில் வராது. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை, கூரை ஏறினால் ஒரு தவணை. நிதி வீணாகாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு என்றனர். இருக்கலாம். ஆனால் அத்திவாரத்தை முடிக்கும் பணம் போதாமற் போனால் அடுத்த தவணை வராது; அடுத்த தவணை வராவிட்டால் வீடு அரையிலே நிற்கும். ஆகவே தாலிக்கொடி அடைவு கடைக்குப் போயிற்று. அதுவும் போதாதபோது வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன்காரன் வந்தான்.

ஆண்துணை இழந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ‘நீங்களே கட்டுங்கள்’ என்றபோது கட்டுவதற்கு அங்கே எந்தக் கை இருந்தது? ஒரு பெண் மேசனைப் பிடிக்க வேண்டும், ஓடாவியைப் பிடிக்க வேண்டும், மணல் ஏற்ற அனுமதி எடுக்க வேண்டும், சல்லிக்கும் சீமெந்துக்கும் நகருக்கு அலைய வேண்டும். அதற்கிடையில் நாட்கூலிக்கும் போக வேண்டும். ஒரே காலத்தில் பல்லாயிரம் வீடுகள் எழுந்தபடியால் மேசன் கூலியும் மணல் விலையும் ஏறின. கையுதவிக்கு ஆள் வைக்கக் காசில்லாமல், தானும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் கல் சுமந்து, தண்ணீர் இறைத்து, சாந்து குழைத்துக் கொடுத்தார்கள். அந்த உழைப்பை எந்தக் கணக்கிலே எழுதினார்கள்? நன்கொடை கொடுத்தவரின் பெயர் சுவரிலே பதிக்கப்பட்டது. கல் சுமந்தவரின் கூலி எந்தப் பேரேட்டிலும் பதியப்படவில்லை.

அரசாங்கத்தின் சொந்தத் திட்டங்களுக்கு நேர்ந்த கதி இதைவிட மோசம். 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும், முன்னைய ஆட்சியின் மாதிரிக் கிராம வீடமைப்பிலே தவணைப் பணம் நின்றது. இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு அத்திவாரம் போட்டவர்கள் கொட்டிலும் இன்றி வீடும் இன்றி நின்றார்கள். அதன் பின்னர் 2022 வந்தது. 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பொதி இருமடங்கையும் தாண்டிற்று. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021இற் கிடைத்த ஆயிரம் ரூபாய். அதாவது இரண்டு நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த கூலி ஒரு பொதி சீமெந்துக்கு ஈடாகவில்லை. ‘தன் கையே தனக்குதவி’ என்று அவர்களிடம் போய்ச் சொல்வதற்கு ஒருவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மூன்றாவது நேரம். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறையும் ஓய்வும் சம்பளத்தோடு பெறும் உத்தியோகத்தன் சனிக்கிழமை கதவுக்கு வர்ணம் பூசினால் அது பொழுதுபோக்கு. நாட்கூலிக்காரன் ஒரு நாள் தன் வீட்டுக் கூரைக்கு ஏறினால் அன்று அடுப்பு எரியாது. ஒரே தூரிகைதான், பிடித்த கைகளின் நிலை வேறு.

நான்காவது அறிவு. இங்கே நாம் பிறரைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு நம்மையே பார்க்க வேண்டும். ஏனெனில் இப்பத்திரிகையைப் படிப்போரிற் பலர் ஆசிரியர். ஏனையோர் நாளை ஆசிரியர் ஆகவிருக்கும் மாணவர்.

நமது கல்வி யாரை உருவாக்கியது? சுவரைப் பார்த்து, அது ஏன் ஈரம் உறிஞ்சுகிறது என்று சொல்லத் தெரியாத பட்டதாரியை உருவாக்கியது. மின்சாரத்தின் விதிகளை எழுதி அதிவிசேட சித்தி பெற்றவன் வீட்டிலே மின்னிணைப்புக் கருகினால் திகைத்து நிற்கின்றான். விதிகள் எதையும் படிக்காத கூலிப் பையன் ஒருவன் காப்பின்றிக் கைவைத்து உயிரை விடுகின்றான். கூரைக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலிற் புற்றுநோயை உண்டாக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆனால் அறுக்கிறவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவன் அறுப்பதில்லை. அறிவு ஒரு பக்கமும் கை மறு பக்கமும் நிற்கும் சமுதாயத்திலே ‘நீயே செய்’ என்ற உபதேசம் ஏழைக்கு ஆபத்தையும் சேர்த்தே கொடுக்கின்றது.

இந்தப் பிளவை மூடுவதற்கு ஒரு முயற்சி நடந்தது. 1972இன் கல்விச் சீர்திருத்தத்திலே தொழில் முன்னிலைப் பாடங்கள் பாடசாலைக்கு வந்தன. தம் ஊரிலே நடக்கும் தொழில்களை மாணவர் வகுப்பறையிலே கற்க வேண்டும் என்பது நோக்கம். அதில் குறைகள் இருந்தன. கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதவில்லை. ஆனால் அதைக் கொன்றது அக்குறைகள் மட்டுமல்ல. ‘என் பிள்ளை மண்வெட்டி பிடிக்கவா பள்ளிக்கூடம் போகிறான்?’ என்ற மத்தியதர வர்க்கத்தின் ஓலமும் அதற்குக் குழி தோண்டிற்று. 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. தன் பிள்ளையின் கையில் மண்வெட்டி ஏறாமல் தடுத்த அதே வர்க்கம், ஏழையின் பிள்ளையைப் பார்த்து ‘உன் வீட்டை நீயே கட்டு’ என்று இன்று சொல்கின்றது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

நம் பாடசாலைகளிலேயே நாள்தோறும் இதன் சிறு நாடகம் நடைபெறுகின்றது. தவணை தொடங்கும்போது பெற்றோர் வந்து வகுப்பறைக்கு வர்ணம் பூசுகின்றனர். உடைந்த கதிரைக்கு ஆணி அடிக்கின்றனர். சிரமதானம் என்று வடிகான் வெட்டுகின்றனர். இலவசக் கல்வி என்பது 1945இல் இந்நாட்டு மக்கள் பெற்ற உரிமை. உரிமைக்குரிய சுவரைப் பூசுவது யார் பொறுப்பு? நாம் கைதட்டி, பொன்னாடை போர்த்து, ‘பெற்றோரின் பேராதரவு’ என்று அறிக்கை எழுதுகின்றோம். அன்று கூலிக்குப் போகாமல் வந்த தகப்பனின் இழப்பு அவ்வறிக்கையில் இல்லை. வர முடியாத தாயின் பிள்ளை மறுநாள் வகுப்பிலே தலைகுனிந்து நிற்பதும் அதில் இல்லை. கூடி உழைப்பது நல்லது. ஆனால் அரசு தர வேண்டிய பணத்தை மறைக்கும் திரையாகக் கூட்டுழைப்பு பயன்படுமானால் அத்திரையைக் கிழிப்பது ஆசிரியன் கடமை.

இவ்விடத்தில் நேர்மையான நண்பர் சிலர் ஒரு மறுப்பை எழுப்பக் கூடும். ‘மக்களைக் கையேந்திகளாக்கப் பார்க்கிறீர்களா? 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2009க்குப் பின்னும் மக்கள் தம் கையாலே எழுந்து நின்ற பெருமையைக் கொச்சைப்படுத்துகிறீர்களா?’ என்று.

கொச்சைப்படுத்தவில்லை. அப்பெருமை அவர்களுடையது, அதை உபதேசிகள் திருடிக்கொள்வதைத்தான் எதிர்க்கிறோம். இதற்குச் சான்றாக 65,000 இரும்பு வீடுகள் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். வடகிழக்கு மக்களுக்கு வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் பொருத்து வீடுகளை, ஒன்றுக்கு இருபது இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவிலே, தூக்கி வைத்துவிட 2015, 2016 காலத்தில் அரசு முனைந்தது. அதன் பாதியளவு செலவிலே கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர் கணக்குக் காட்டினர். எங்களுக்குக் கல்வீடு வேண்டும், எங்கள் மேசன்மாருக்கு வேலை வேண்டும், நாளை ஓர் அறை கூட்டிக் கட்டக் கூடிய வீடு வேண்டும் என்று எதிர்ப்பு எழுந்தது. தம் வீட்டைத் தாமே அமைக்கும் உரிமைக்காக மக்கள் அரசோடு மோதிய போராட்டம் அது.

இதிலிருந்து கற்பது என்ன? கம்பனிக்கு இருபது இலட்சம் கொடுக்க முன்வந்த அரசு, மக்கள் தாமே கட்டும்போது மட்டும் பஞ்சப்பாட்டுப் பாடுகின்றது. பணம் இல்லை என்பது பொய். மக்களின் உழைப்புக்குக் கூலி கொடுக்க மனமில்லை என்பதே மெய். தன் வீட்டைத் தான் விரும்பியபடி அமைப்பது மக்களின் உரிமை. அவ்வுரிமைக்குக் காணியும் பொருளும் கூலியும் தந்து துணை நிற்பது அரசின் கடமை. உரிமையைக் கடமைக்குப் பதிலீடாகக் காட்டும் மோசடியைத்தான் நாம் இனங்காண வேண்டும்.

எனவே நாம் கோருவது தெளிவானது. லயத்திலே வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், பிறர் காணியிலே குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், சட்டப்படி செல்லும் காணி உறுதி முதலில் வேண்டும். உறுதி இல்லாமற் கட்டிய சுவர் துரையின் சுவர். வீட்டுத்திட்டத்தின் நிதி அன்றைய சந்தை விலைக்கேற்ப உயர வேண்டும்; அரையிலே நிற்கும் வீடுகள் முதலில் முடிக்கப்பட வேண்டும். குடும்பத்தார் போடும் உழைப்பும் நாட்கூலியாகக் கணக்கிடப்பட்டுக் கொடுக்கப்பட வேண்டும். கிராமந்தோறும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே சீமெந்தும் மரமும் ஓடும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். மேசன், ஓடாவி, மின்தொழிலாளி ஆகியோரின் அறிவு பாடசாலைக்குள் அறிவாக ஏற்கப்பட வேண்டும்.

இறுதிக் கோரிக்கை நம்மைச் சார்ந்தது. அதற்கு எந்த அமைச்சின் சுற்றறிக்கையும் தேவையில்லை. ஈழத்து முற்போக்கு இலக்கியம் எங்கே வளர்ந்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். டொமினிக் ஜீவா தம் சிகை அலங்கார நிலையத்திலிருந்துதான் 1966இல் ‘மல்லிகை’யை வெளிக்கொணர்ந்தார், கே. டானியல் இரும்புப் பட்டறை நடத்தியவர். கத்தரிக்கோலும் உலோகமும் பிடித்த கைகளே பேனாவும் பிடித்தன. அவர்களுடைய எழுத்தை வகுப்பிலே படிப்பித்துவிட்டு, மேசனைக் கண்டால் ‘டேய்’ என்று கூப்பிடும் ஆசிரியன் எதைப் படிப்பித்தான்?

நம் வீட்டு மதிலைக் கட்ட வருகின்ற தொழிலாளிக்கு உடைந்த கோப்பையிலே தேநீர் கொடுக்கும் வழக்கம் நம்மிற் சில வீடுகளில் இன்றும் சாகவில்லை. அந்தக் கோப்பையை முதலில் உடைத்தெறிவோம். அவரிடமிருந்து தூக்குக்குண்டு பிடிக்கவும் சாந்து குழைக்கவும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். அதன் பின்னர், தவணைப் பணம் வராமல் சுவரளவில் நிற்கும் ஒரு வீட்டுக்கு அவர்களை அழைத்துச் செல்வோம். ஒரு கையால் கல்லை எடுத்துக் கொடுக்கட்டும். மறு கையால் அந்தக் குடும்பத்தின் மனுவை எழுதட்டும். கல்லை மட்டும் கொடுத்துவிட்டு மனுவை மறந்தால் நாமும் உபதேசிகளாவோம். மனுவை மட்டும் எழுதிவிட்டுக் கல்லைத் தொடாமல் நின்றால், அந்தத் தாய்க்கு நம்மை நம்ப நியாயமில்லை.